களஞ்சியம் என்றார்கள், கஞ்சிக்கு வழியில்லை

பஞ்சம் என்றதும் வானத்தைப் பார்ப்பது நம் வழக்கம். மழை பொய்த்தது, பயிர் கருகியது, மக்கள் மாண்டார்கள் என்று மூன்றே வரியில் கதையை முடித்துவிடுவார்கள் ஆட்சியில் இருப்பவர்கள். வானத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்பதால் அது அவர்களுக்கு வசதியான கதை. ஆப்பிரிக்காவின் வறண்ட நாடுகளில் ஒன்றான சூடானின் நூறாண்டு வரலாற்றைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தால், குற்றவாளி வானத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில்தான் ஒளிந்திருக்கிறான் என்பது விளங்கும்.

சூடான் எங்கோ கிடக்கிறது, நமக்கென்ன என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நம்மில் பலர் திருநெல்வேலி, இராமநாதபுரம், தருமபுரி என்று வானம் பார்த்த பூமியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். சூடான்காரன் விதைப்பதும் நம் பாட்டன் விதைத்ததும் ஒரே விதைதான்: சோளம், கம்பு, எள், நிலக்கடலை, பருத்தி. நைல் நதிக்கு அருகே அவன் உழுகின்ற மண்ணும் நம் கரிசல் மண்ணின் இனம்தான். மழை பெய்தால் ஒட்டும், வெயில் காய்ந்தால் வெடிக்கும். சோளத்துக்கே தாய்வீடு அந்தப் பூமி. கிழக்கு சூடானில் கசலா வட்டாரத்தில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே சோளம் பயிரானதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. அங்கே சோளமாவைப் புளிக்க வைத்து மெல்லியதாக வார்த்து 'கிஸ்ரா' என்று உண்கிறார்கள். நம் வீட்டுச் சோள தோசைக்கும், பக்கத்து வீட்டு மராட்டியக் குடும்பத்தின் பாக்ரிக்கும் அது பங்காளி. சூடான் மக்கள் சோளத்தை 'அய்ஷ்' என்கிறார்கள். வாழ்வு என்று பொருள்படும் சொல் அது. அந்த வாழ்வு எப்படிப் பறிபோனது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

கரிசலில் விளைந்த வெள்ளைப் பொன்

நீல நைலும் வெள்ளை நைலும் கார்ட்டூம் நகரில் கூடுகின்றன. அந்த இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட சமவெளிக்கு கெசிரா என்று பெயர். வெள்ளையர் ஆட்சி 1925ல் நீல நைலின் குறுக்கே சென்னார் அணையைக் கட்டி முடித்து, அங்கே கால்வாய்ப் பாசனத்தைக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் விரிந்து விரிந்து ஏறத்தாழ 22 லட்சம் ஏக்கர் அளவுக்கு வளர்ந்த திட்டம் இது. ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்த உலகின் மிகப் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்று.

யாருடைய வயிற்றுக்காக இந்த ஏற்பாடு? லங்காஷயர் ஆலைகளின் வயிற்றுக்காக! நீள இழைப் பருத்தி வேண்டும் என்று ஆலை முதலாளிகள் கேட்டார்கள். ஆறு திசை திரும்பியது. நிலத்தை நிர்வகித்தது ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. பருத்தி வருவாயில் குத்தகைக் குடியானவனுக்கு 40 விழுக்காடு. மீதியை அரசாங்கமும் கம்பெனியும் பங்கிட்டுக்கொண்டன. எதை விதைப்பது, எப்போது தண்ணீர் விடுவது, எப்போது பறிப்பது எல்லாம் மேலிடத்து உத்தரவு. குடியானவன் தனக்கென்று சோளம் விதைத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். அந்த விளைச்சல் முழுவதும் அவனுக்கே. காரணம் கருணையில்லை. பருத்தி பறிக்கும் கைக்குத் தெம்பு வேண்டுமே!

குடியானவர்கள் சும்மா இருக்கவில்லை. 1946ல், சேர்த்து வைத்த எங்கள் பணத்தைக் கொடுக்காமல் பருத்தி விதைக்க மாட்டோம் என்று கெசிராவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1950ல் கம்பெனி வெளியேறித் திட்டம் அரசுடைமை ஆனது. 1956 சனவரி 1ல் நாடு விடுதலை பெற்றது. ஆனால் விடுதலை பெற்ற இரண்டாவது மாதத்திலேயே, வெள்ளை நைல் பகுதியில் ஒரு தனியார் பருத்திப் பண்ணையின் குத்தகைக் குடியானவர்கள் தங்கள் கணக்கைக் கேட்டுக் கிளர்ந்தபோது, பிடிபட்டவர்களைக் கோஸ்தி நகரில் ஒரு கிடங்குக்குள் அடைத்துப் பூட்டினார்கள். மூச்சுத் திணறி ஏறத்தாழ 200 பேர் செத்தார்கள். கீழவெண்மணியை அறிந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கொடி மாறியது, கணக்குப் புத்தகம் மாறவில்லை.

நம் நாட்டு ஆலைகளும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. பம்பாய், அகமதாபாத், கோவை ஆலைகள் நீள இழைப் பருத்திக்காக எகிப்தையும் சூடானையும் எதிர்பார்த்திருந்த காலம் உண்டு. நம்மவர் நூற்ற மெல்லிய நூலில் கெசிராக் குடியானவனின் வியர்வையும் கலந்திருந்தது.

'அரபு உலகின் களஞ்சியம்'

1973ல் பெட்ரோல் விலை ஏறியது. வளைகுடா நாடுகளிடம் பணம் குவிந்தது. ஆனால் மணலைத் தின்ன முடியாது. சூடானிடம் நிலமும் தண்ணீரும் இருந்தன, பணம் இல்லை. அப்போது ஆட்சியில் இருந்த நிமெய்ரி, சூடானை அரபு உலகத்தின் உணவுக் களஞ்சியம் ஆக்குவோம் என்று முழங்கினார். அரபுப் பணம், மேலைநாட்டு இயந்திரம், சூடான் நிலம் என்பதுதான் சூத்திரம். 1975ல் கெனானா சர்க்கரைக் கம்பெனி தொடங்கப்பட்டது. 1976ல் வேளாண் முதலீட்டுக்கான அரபு நாடுகளின் கூட்டு நிறுவனம் உருவாகி, அதன் தலைமையகம் கார்ட்டூமில் அமைந்தது.

மானாவாரி நிலத்திலும் இதே கூத்து நடந்தது. உலக வங்கியின் துணையோடு 1968ல் இயந்திரப் பண்ணைகளுக்கென்று ஒரு கழகம் அமைக்கப்பட்டது. கெடாரெப் போன்ற கிழக்குப் பகுதிகளில் ஆயிரம் ஏக்கர், அதற்கும் மேல் என்று துண்டு துண்டாக, பெயரளவுக் குத்தகைக்கு நிலம் போனது. வாங்கியவர்கள் யார்? நகரத்து வியாபாரிகள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், ஆட்சிக்கு வேண்டியவர்கள். டிராக்டர் வந்தது, மரம் போனது, ஆடு மாடு ஓட்டிச் செல்லும் வழித்தடங்கள் உழுது மூடப்பட்டன. தரிசு போட்டு மண்ணை ஆறவிட வேண்டும் என்ற விதியை யாரும் மதிக்கவில்லை. மண் சலித்ததும் அதைப் போட்டுவிட்டு அடுத்த காட்டை வெட்டப் போனார்கள். நேற்றுவரை அந்த நிலத்தில் கொத்தி விதைத்தவன் இன்று அதே நிலத்தில் களைபறிக்கும் கூலி.

சோளம் விளையவில்லையா? விளைந்தது, கொட்டோ கொட்டென்று கொட்டியது! 1980களின் தொடக்கத்தில் சவுதி அரேபியா சூடான் சோளத்தை வாங்கிக் குவித்தது. மனிதர் உண்பதற்காக இல்லை, கால்நடைத் தீவனத்துக்காக. அன்னியச் செலாவணி வந்தது. அது பழைய கடனுக்கு வட்டியாகப் போனது. விளைந்த ஆண்டில் விற்றுத் தீர்த்தார்கள். வறண்ட ஆண்டுக்கென்று மூட்டை கட்டி வைக்கவில்லை.

1984: சந்தையில் தோற்ற மனிதன்

மேற்கே டார்பூரிலும் கொர்டோபானிலும் மழை தொடர்ந்து தவறியது. பஞ்சம் வருகிறது, உதவி கேட்க வேண்டும் என்று டார்பூர் ஆளுநர் அகமது திரேஜ் 1983ல் எச்சரித்தார். களஞ்சியம் என்று மார்தட்டிய ஆட்சி கஞ்சிக்குக் கையேந்துவதா? எச்சரித்தவர்தான் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது.

பஞ்சம் எப்படிக் கொல்கிறது என்பதைக் கவனியுங்கள். தானியம் குறையும் என்ற வாசனை வந்ததும் வியாபாரி மூட்டையைப் பூட்டுகிறான். வங்கிகளில் சிலவும் சோளத்தை வாங்கிப் பதுக்கின. சோள விலை ஏறுகிறது. ஆட்டுக்காரன் தன் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறான். எல்லோரும் ஓட்டுவதால் ஆட்டு விலை சரிகிறது. விற்க வேண்டியதன் விலை இறங்க, வாங்க வேண்டியதன் விலை ஏற, நடுவில் நசுங்குகிறான் மனிதன். கூலிக்காரனுக்கு விற்க ஆடும் இல்லை. காட்டுக் காய்களைப் பறித்து, நாள்கணக்கில் ஊறவைத்துக் கசப்பை நீக்கி உண்டு உயிர் பிடித்தார்கள். டார்பூரில் மட்டும் ஏறத்தாழ 95,000 பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று அங்கேயே இருந்து ஆராய்ந்த அலெக்ஸ் டி வால் கணக்கிட்டார்.

அமெரிக்காவிலிருந்து நிவாரணச் சோளம் கப்பலில் வந்தது. அதற்கு மக்கள் 'ரீகன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சோளத்தின் தாய்வீட்டுக்குச் சோளமே தானமாக வந்த கொடுமை இது! அதுவும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பராமரிப்பில்லாத ரயில் பாதையை 1985 மழை அடித்துச் சென்றது; பசித்தவர்கள் மேற்கே தவிக்க, தானியம் கிழக்கே தேங்கிக் கிடந்தது.

அமர்த்தியா சென் 1981ல் எழுதிய 'வறுமையும் பஞ்சங்களும்' என்ற நூலில், 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து சொன்ன முடிவு இங்கே அப்படியே பொருந்துகிறது. நாட்டில் உணவு இருப்பது வேறு, அதைப் பெறும் சக்தி ஒருவனுக்கு இருப்பது வேறு. சவுதி மாட்டுக்கு வாங்கும் சக்தி இருந்தது. டார்பூர்த் தாய்க்கு இல்லை. சந்தை மாட்டின் பக்கம் நின்றது.

இதிலிருந்து பாடம் கற்றார்களா? இல்லை. 1989ல் ஆட்சியைப் பிடித்த பஷீர் அரசு, விதைத்ததை உண்போம், நெய்ததை உடுப்போம் என்று முழக்கமிட்டது. 1990ல் அதே அரசு சேமிப்புச் சோளத்தை வெளிநாட்டுக்கு விற்றது. அந்த ஆண்டே மழை தவறியது. முழக்கம் சுவரில் இருந்தது. சோளம் கப்பலில் போயிருந்தது.

கிஸ்ராவிலிருந்து ரொட்டிக்கு

இன்னொரு கொக்கியும் உண்டு. மலிவு விலையிலும் உதவியாகவும் வந்த அமெரிக்கக் கோதுமை நகரத்து நாக்கைப் பழக்கியது. கார்ட்டூம் மக்கள் கிஸ்ராவை விட்டு ரொட்டிக்கு மாறினார்கள். பி.எல். 480 கோதுமையை நாமும் தின்று வளர்ந்தவர்கள்தாம். 1966ல் நம் நாட்டுக்கு ஒரு கோடி டன் வந்தது. நாம் அதிலிருந்து மீண்டோம்; சூடான் மீளவில்லை. சூடு மிகுந்த அந்த நாட்டில் கோதுமை விளைவது குறைவு. தேவையின் பெரும்பகுதியை டாலர் கொடுத்து வாங்கியாக வேண்டும். டாலருக்காக எள்ளையும் ஆட்டையும் பருத்தியையும் விற்க வேண்டும். சூடான் பவுண்டு சரிந்தால் அன்றே ரொட்டி விலை ஏறும்.

ரொட்டி விலை ஏறினால் அங்கே நாற்காலி ஆடும். 1985 மார்ச்சில் மானியத்தை வெட்டி விலையை ஏற்றினார்கள். ஏப்ரல் 6ல் நிமெய்ரி ஆட்சி கவிழ்ந்தது. 2018 டிசம்பரில் ஒரு பவுண்டு ரொட்டி மூன்று பவுண்டு ஆனது. ரயில்வே தொழிலாளர்களின் ஊரான அத்பராவில் கிளர்ச்சி வெடித்தது. 2019 ஏப்ரல் 11ல் பஷீர் வீழ்ந்தார். ஆளும் கூட்டம் கோதுமைக்கு அஞ்சியது, ஏனென்றால் ரொட்டி தின்பவன் தலைநகரில் இருக்கிறான். தொலைதூரத்தில் கம்பும் சோளமும் உண்பவனுக்கு அந்த அச்சத்தின் பயன்கூடக் கிட்டவில்லை.

புல்லாகப் போகும் நைல்

2008ல் உலகெங்கும் உணவு விலை எகிறியது. நிலத்தடி நீரை உறிஞ்சிக் கோதுமை விளைவித்து ஏற்றுமதிகூடச் செய்த சவுதி அரேபியா, தண்ணீர் வற்றுவதைக் கண்டு அந்தச் சாகுபடியைப் படிப்படியாக நிறுத்த அந்த ஆண்டு முடிவெடுத்தது. வளைகுடா நாடுகள் மறுபடியும் சூடான் பக்கம் திரும்பின. நீண்டகாலக் குத்தகைக்கு நிலம் போனது. அங்கே விளைந்தவற்றில் முக்கியமானது குதிரை மசால், வளைகுடாவின் பால்மாடுகளுக்கான தீவனப் புல்! 1959 ஒப்பந்தப்படி நைல் நீரில் எகிப்துக்கு 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடி. அந்தப் பங்கிலிருந்து ஒரு பகுதி புல்லுக்குள் ஒளிந்து கடல் கடந்து போகிறது. நம் ஊரில் இப்போது மறைநீர் என்கிறார்களே, அது இதுதான்.

கொர்டோபான், டார்பூர் காட்டு வேல மரங்களில் வடியும் பிசினையும் பாருங்கள். உலகச் சந்தைக்கு வரும் அந்தப் பிசினில் ஏறத்தாழ 70 விழுக்காடு சூடானுடையது. குளிர்பானம், மிட்டாய், மாத்திரை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். 1997ல் சூடான்மீது பொருளாதாரத் தடை விதித்த அமெரிக்கா, பிசினுக்கு மட்டும் வழி திறந்து வைத்தது. உள்நாட்டிலோ, 1969 முதல் 2009 வரை ஒரே கம்பெனிக்குத்தான் ஏற்றுமதி உரிமை. உலகம் இல்லாமல் இருக்க முடியாத பொருளை எடுக்கும் கை ஏழையாகவே இருக்கிறது, ஏனென்றால் விலை பேசும் இடத்தில் அந்தக் கை இல்லை.

கெனானா என்ன ஆயிற்று? சர்க்கரை விற்கும் நாடாக்குவோம் என்று கட்டினார்கள். அந்த நாடு நம் இந்தியச் சர்க்கரையை வாங்கித் தின்றிருக்கிறது.

அப்படியானால் வாணிபமே கூடாதா?

சிலர் இப்படிக் கேட்பார்கள்: எல்லாவற்றையும் நாமே விளைவித்து நாமே உண்டால் தீர்ந்தது அல்லவா? தீராது. வறண்ட நாட்டுக்கு டீசல் வேண்டும், மருந்து வேண்டும், சில ஆண்டுகளில் தானியமும் வேண்டும். விற்காமல் வாங்க முடியாது.

போட்ஸ்வானாவைப் பாருங்கள். கலகாரிப் பாலைவனம் பரந்து கிடக்கும் நாடு. தானியத்தின் பெரும்பகுதியை விலைக்கு வாங்குகிறது. வைரத்தையும் மாட்டிறைச்சியையும் விற்கிறது. 1982 முதல் 1987 வரை அங்கே தொடர் வறட்சி. விளைச்சல் படுத்துவிட்டது. ஆனால் பஞ்சச் சாவு நேரவில்லை. அரசாங்கம் கிராமந்தோறும் நிவாரண வேலை கொடுத்தது. குழந்தைகளுக்கு உணவு கொடுத்தது. தேர்தலில் மக்களைச் சந்திக்க வேண்டிய அரசாங்கம் அது.

வைரம் இருந்தது, கொடுத்தார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது. சூடானிலும் 1999 முதல் பெட்ரோல் ஏற்றுமதியானது. 2011ல் தெற்கு சூடான் பிரியும்வரை அந்தப் பணம் வந்தது. அது ராணுவத்துக்குப் போனது. கெசிராக் கால்வாய்களில் வண்டல் மேடிட்டது. நம் கண்ணெதிரே உள்ள மராட்டிய மாநிலமோ வைரம் எடுத்த பூமியில்லை. 1972–73ல் இங்கே கொடிய வறட்சி. சோளக்காடுகள் காய்ந்தன. மக்கள் ஊர்வலம் போனார்கள், மறியல் செய்தார்கள், வேலை கேட்டார்கள். உச்சக்கட்டத்தில் நிவாரண வேலைகளில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் இருந்தார்கள். கையில் கூலி இருந்ததால் மற்ற மாநிலத் தானியம் அவர்களைத் தேடி வந்தது. அந்தப் போராட்டத்தின் பிள்ளைதான் 1977ன் வேலை உறுதிச் சட்டம்.

ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. விற்பதற்கு முன்பு, விளைவித்தவனுக்கும் வறண்ட ஆண்டுக்கும் உரிய பங்கு எடுத்து வைக்கப்பட்டதா? விற்ற பணம் எங்கே போனது? இந்த இரண்டையும் அதிகாரத்தில் இருப்பவனைப் பார்த்துக் கேட்கும் உரிமை பசித்தவனுக்கு இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் பாலைவனத்திலும் பிழைக்கலாம். 'இல்லை' என்றால் நைல் ஓடினாலும் சாவுதான்.

2023 ஏப்ரல் 15ல் சூடானில் ராணுவமும் துணைப்படையும் ஒன்றோடொன்று மோதத் தொடங்கின. அந்த டிசம்பரில் துணைப்படை கெசிராவின் தலைநகரான வத் மதானியைப் பிடித்தது. உலக உணவுத் திட்டத்தின் கிடங்கு கொள்ளை போனது. 15 லட்சம் பேருக்கு ஒரு மாதத்துக்கான உணவு அதில் இருந்தது. அங்கிருந்த விதை வங்கியும் தப்பவில்லை. 2023–24ல் தானிய விளைச்சல் முந்தைய ஆண்டைவிட 46 விழுக்காடு வீழ்ந்தது. 2024 ஆகஸ்டில் டார்பூரின் ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்று உலகம் முறைப்படி ஒப்புக்கொண்டது. இவ்வளவுக்கும் நடுவே ஆடும் எள்ளும் பிசினும் கப்பலேறுவது நிற்கவில்லை. பூட்டுப் போடத் தெரிந்த சந்தைக்குப் பசி மட்டும் கண்ணில் படுவதில்லை.

நம் பக்கம்

இதையெல்லாம் படித்துவிட்டு, பாவம் சூடான் மக்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நம் நாட்டு மத்தியத் தொகுப்பில் 5 கோடி டன்னுக்கு மேல் தானியம் இருந்தது. அதே நாட்களில்தான் வேலையிழந்த லட்சக்கணக்கானோர் சாலை வழியே நடந்தார்கள். கிடங்கு இங்கே, பசி இங்கே, ரேஷன் அட்டை மட்டும் சொந்த ஊரில்! களஞ்சியம் நிறைந்திருந்தும் கை எட்டவில்லை என்றால் டார்பூருக்கும் தாராவிக்கும் என்ன வேறுபாடு?

அதன்பிறகு ஒன்று நடந்தது. எந்த ஊரிலும் ரேஷன் வாங்கும் ஒரே அட்டை முறையை எல்லா மாநிலங்களும் 2021 சூலை 31க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு சூனில் ஆணையிட்டது. அது தானாக விழுந்த பழம் இல்லை. நடந்தவர்களின் கால் கொப்புளம் பெற்றுத் தந்தது. ஆனால் ஓட்டை இன்னும் இருக்கிறது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் உள்ள அட்டைக்கே வெளிமாநிலத்தில் தானியம் கிடைக்கும். தமிழ்நாட்டில் முன்னுரிமையில்லாத அட்டை வைத்திருப்பவருக்கு ஊரில் அரிசி உண்டு, இங்கே இல்லை. அட்டையே இல்லாத குடும்பங்களும் நம்மிடையே உண்டு.

எனவே, ஒவ்வொரு குடும்பமும் தன் அட்டை எந்த வகை என்று பாருங்கள். குடும்பத்தில் எல்லோருடைய ஆதாரும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மறுக்கப்பட்டால் சங்கத்துக்கு வாருங்கள், எழுத்தில் கேட்போம். முன்னுரிமைப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் கூலிக் குடும்பங்களையும் சேர்க்கச் சொல்லி ஒன்றாகக் குரல் கொடுப்போம்.

மழையைக் கேட்டு வாங்க முடியாது. கணக்கைக் கேட்டு வாங்கலாம். கேட்காத ஊரில் களஞ்சியம் அடுத்தவன் வீட்டு மாட்டுக்குத்தான்.